தரை சாஞ்சிருந்தா கேம்பரும் பொய் சொல்லும்: கோத்தகிரி பக்கி வண்டியோட முன்வீல் கேஸ்

மொதல்ல வண்டி என்னன்னு சொல்லிடறேன். கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன டீ எஸ்டேட், அங்க ஒரு தம்பி கிட் வாங்கி வீட்டு ஷெட்லயே கட்டின ரெண்டு சீட்டு பக்கி, அதாவது குழாய்ச் சட்டத்து மேல கட்டின குட்டி வண்டி. கிட்டுன்னா பெருசா எதுவும் இல்ல, லேசர்ல வெட்டின பிராக்கெட், வளைச்சு அனுப்பின குழாய், ஒரு ட்ராயிங், அவ்ளோதான், மீதியெல்லாம் நாமதான் தேடிப் பிடிக்கணும். இன்ஜினும் கியர்பாக்ஸும் பழைய மாருதி 800-தோடது, 796 சிசி மூணு சிலிண்டர், சீட்டுக்குப் பின்னாடி குறுக்கால உக்காந்திருக்கு. மாருதியோட முன்பக்க செட்டு அப்படியே பின்னாடி போயிட்டதால முன்னாடிக்கு இன்னொரு 800-லேர்ந்து நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திருப்புற இரும்புத் துண்டு), ஹப்பு (வீல் மாட்டுற, சுத்துற நடுப்பாகம்) எல்லாம் கழட்டிட்டு வந்து, மேல ஒரு ஆர்ம் கீழ ஒரு ஆர்ம்னு டபுள் விஷ்போனா மாத்தியிருக்கான். நக்கிள்ல ஸ்ட்ரட் போல்ட் ஏறுற ரெண்டு ஓட்டையில ஒரு அடாப்டர் தகடு, அந்தத் தகட்டுல மேல் ஆர்மோட ராடு எண்டு (மரை வெச்ச உருண்டை மூட்டு). டயர் 145/70 ஆர் 12, பழைய 800-க்கு வர்ற அதே சைஸ்.

மாருதி 800-ல கேம்பரை, அதாவது சக்கரம் உள்ள வெளிய சாயுற அளவை, திருகி மாத்த வசதியே கிடையாது, டைராடை (ஸ்டியரிங்லேர்ந்து நக்கிளுக்குப் போற கம்பி) திருகி டோ மட்டும்தான், அதாவது மேலேர்ந்து பாத்தா சக்கரத்தோட முன்பக்கம் உள்ள வெளிய திரும்பியிருக்கிற அளவு மட்டும்தான் செட் பண்ண முடியும். இந்த பக்கில மேல் ஆர்ம் முனையில எம் 12 ராடு எண்டு இருக்கிறதால கேம்பர் நம்ம கையில இருக்கு. வசதிதான், ஆனா வம்பும் அங்கதான் ஆரம்பிக்குது, ஏன்னா திருக முடியுதுன்னு தெரிஞ்சா யாரும் வேற எதையும் பாக்காம நேரா ஸ்பானரத்தான் எடுப்பாங்க.

கம்ப்ளெயின்ட் என்னன்னா, நேர் ரோட்டுல கைய விட்டா வண்டி இடது பக்கம் இழுக்குது. இடது முன் டயர் வெளி ஓரம் சீக்கிரமே மொட்டையாயிடுச்சு. எறக்கத்துல கொண்டை ஊசி வளைவு வந்தா ஸ்டியரிங் திரும்புது, மூக்கு திரும்ப மாட்டேங்குது. தம்பி போன்ல ஆங்கிள் ஆப் வெச்சு அளந்து பாத்திருக்கான், இடது பிளஸ் 0.6, வலது பிளஸ் 0.9. "ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதாண்ணா, ஆனா இழுக்கறது மட்டும் ஏன் இடது பக்கமே இழுக்குது?"ன்னு கேட்டான். நல்ல கேள்வி. கேம்பர் ரெண்டு பக்கமும் வேற வேறயா இருந்தா, எந்தப் பக்கம் பிளஸ் ஜாஸ்தியோ அந்தப் பக்கம்தான் வண்டி இழுக்கும். அவன் அளவுப்படி பாத்தா வலது பக்கம் இழுக்கணும். அப்போ ஒண்ணு அளவு தப்பு, இல்ல காரணம் வேற.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி: வண்டிய முன்னாடி நின்னு பாக்கும்போது சக்கரத்தோட மேல் பக்கம் வெளிய சாஞ்சிருந்தா பிளஸ் கேம்பர், உள்ள சாஞ்சிருந்தா மைனஸ். 

அலைன்மென்ட் சென்டருக்கு எடுத்துட்டுப் போலாம்லன்னு கேப்பீங்க. இந்த மாதிரி கட்டின வண்டிக்கு ரிஜிஸ்ட்ரேஷன் கிடையாது, மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல பிரிவு 39 பதிவு இல்லாத வண்டிய பொது இடத்துல ஓட்டக்கூடாதுன்னு தெளிவா சொல்லுது. இது எஸ்டேட் கேட்டுக்குள்ள மட்டும் ஓடுற வண்டி. கீழ கொண்டுபோகணும்னா டாடா ஏஸ்ல ஏத்தித்தான் மேட்டுப்பாளையம் எறக்கணும், அப்படியே போனாலும் அங்க கம்ப்யூட்டர்ல இந்த வண்டிக்கு அளவு எதுவும் இருக்காது. அதனால ஷெட்லயே பண்றதுன்னு முடிவு.

டயரைத் தடவிப் பாக்கறது

அளவுகோலை எடுக்கறதுக்கு முன்னாடி டயரை உள்ளங்கையால தடவிப் பாக்கணும். கேம்பர் பிளஸ் ஜாஸ்தியா இருந்தா வெளி ஓரம் வழுவழுன்னு ஒரே சரிவா தேஞ்சிருக்கும். டோ தப்பா இருந்தா ரம்பப் பல்லு மாதிரி இருக்கும், ஒரு பக்கம் தடவினா வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினா கையில கீறும். இங்க ரெண்டு முன் டயர்லயும் லேசா ரம்பப் பல்லு இருந்துச்சு, ஆனா இடதுல அதுக்கு மேல வெளி ஓரம் அப்படியே சீவி எடுத்த மாதிரி. அதாவது டோவும் கொஞ்சம் கோளாறு, இடதுல கேம்பரும் கோளாறு. போன்ல பாத்த 0.6-க்கு இவ்ளோ தேய்மானம் வராது.

அடுத்து ஜாக்கி போட்டுத் தூக்கி, வீலை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டிப் பாத்தோம். இடது வீல் டக் டக்னு ஆட்டம் குடுத்துச்சு. சைடுல புடிச்சு ஆட்டினா ஒண்ணும் இல்ல, அதனால டைராட் எண்டு இல்ல. ஒருத்தன் ஆட்ட இன்னொருத்தன் பின்னாடி விரல் வெச்சுப் பாத்தப்போ ராடு எண்டும் ஆடல, பால் ஜாயின்டும் ஆடல, ஹப்புதான் நக்கிளுக்குள்ள ஆடுது.

இது முன்வீல் டிரைவ் நக்கிள்ல பக்கி கட்டுற நிறைய பேரு விடுற இடம், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். 800-ல ஹப்பு பேரிங்கை இறுக்கிப் புடிக்கிறதே ஆக்ஸில் ஷாஃப்ட்டோட வெளி ஜாயின்ட்தான். அந்த ஜாயின்ட்டோட ஸ்டப் (மரை வெச்ச முனைத் தண்டு) உள்ளேர்ந்து வந்து, வெளிய பெரிய நட்டை முறுக்கும்போதுதான் பேரிங்கோட உள் வளையம் ரெண்டும் அமுங்கி நிக்கும். பக்கில முன்வீலுக்கு டிரைவ் கிடையாது, ஆக்ஸில் தேவையில்லன்னு கழட்டித் தூக்கிப் போட்டுட்டு அந்த இடத்துல ஒரு நீளமான போல்ட்டும் சாதா வாஷரும் போட்டு முறுக்கியிருக்கான். வாஷர் சின்னது, வளையத்து மேல சரியா உக்காரல, நாளாக ஆக குழிஞ்சுபோய் லூஸாயிடுச்சு. வலது பக்கம் வாஷர் கொஞ்சம் தடிமனா மாட்டிக்கிச்சு போல, அதனால தப்பிச்சுது. ஹப்பு ஆடுற வீல்ல கேம்பர் எவ்ளோன்னு கேக்கறதே வீண், வண்டி நிக்கும்போது ஒண்ணு, வளைவுல ஒண்ணு.

உக்கடத்துல பழைய சாமான் கடையில தேஞ்சுபோன ஆக்ஸில் ரெண்டு வாங்கிட்டு வந்து, ஷாஃப்ட்டை அறுத்துப் போட்டுட்டு வெளி ஜாயின்ட்டோட ஸ்டப்பை மட்டும் ரெண்டு பக்கமும் மாட்டினோம். இடது பக்கம் பேரிங்கும் புதுசு. வெளி ஜாயின்ட் தேஞ்சிருந்தாலும் பரவால்ல, அது சுத்தி வேலை செய்யப் போறதில்ல, பேரிங்கை இறுக்கறதுக்கு மட்டும்தான். நட்டை முறுக்கி லாக் தட்டின அப்புறம் ஆட்டினா ஆட்டம் இல்ல.

தரை

ஷெட் தரைய கண்ணால பாத்தா மட்டமாத்தான் இருக்கும். எங்க ஊருல எந்த ஷெட்டைக் கட்டினாலும் மேஸ்திரி ஒரு ஓரமா வாட்டம் வெச்சுத்தான் பூசுவாரு, மழைத் தண்ணி வடியணும்ல. எஸ்டேட்ல லைன் வீட்டு வேலை பாத்துக்கிட்டிருந்த மேஸ்திரிகிட்ட தண்ணி டியூபை வாங்கிட்டு வந்தோம். ரசமட்டத்தை விட இந்த டியூப் எனக்கு நம்பிக்கை, நாலு சக்கரம் நிக்கிற நாலு இடத்தையும் ஒரே தண்ணி மட்டத்துல பாத்துடலாம், காத்துக் குமிழி உள்ள இல்லாம மட்டும் பாத்துக்கணும்.

வலது முன்வீல் நிக்கிற இடம் இடதை விட 14 மி.மீ. பள்ளம். ரெண்டு முன்வீலுக்கும் நடுவுல 1250 மி.மீ. கணக்குப் போட்டா 0.64 டிகிரி சாய்வு. வண்டியே வலது பக்கம் அவ்ளோ சாஞ்சு நிக்குது, போன் ஆப் பூமிய வெச்சு அளக்குது. அப்போ வலது வீல் உண்மைய விட 0.64 பிளஸ்ஸா காட்டும், இடது வீல் 0.64 மைனஸ்ஸா காட்டும். தம்பி எழுதி வெச்சிருந்ததுல இதைக் கழிச்சா இடது பிளஸ் 1.2, வலது பிளஸ் 0.3. ரெண்டுக்கும் 0.9 டிகிரி வித்தியாசம், இடதுதான் ஜாஸ்தி. வண்டி ஏன் இடது இழுக்குதுன்னு இப்போ புரிஞ்சுதா? அவன் அளந்தது தப்பில்ல, போனும் தப்பில்ல, வண்டில இருந்த கோளாறை ஷெட் தரை அழகா மறைச்சுக் குடுத்திருக்கு. இந்தக் கேஸ்ல எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் இதுதான்.

கணக்குல கழிச்சா போதாது, நிஜமாவே மட்டம் பண்ணி அளக்கணும். வலது வீலுக்கு அடியில பிளைவுட்டும் ரப்பர் ஷீட்டும் சேத்து 14 மி.மீ. ஏத்தினோம், பின் வீலுக்கும் அதே மாதிரி பாத்து வெச்சோம். அதுக்கு மேல ஒவ்வொரு முன்வீலுக்கும் ரெண்டு ஜிஐ தகடு, நடுவுல கிரீஸ். இது எதுக்குன்னா, ஜாக்கிலேர்ந்து எறக்கும்போது டயர் பக்கவாட்டுல தரையைக் கவ்விக்கும், ஸ்பிரிங் முழுசா அமுங்காது, அந்த நிலைமையில அளந்தா சும்மாவே பிளஸ் காட்டும். தகடு வழுக்கினா டயர் தன் இடத்துக்குப் போய் உக்காந்துக்கும். தகடு இல்லன்னா வண்டிய முன்னாடி பின்னாடி கொஞ்ச தூரம் தள்ளிட்டு அளக்கலாம், ஷெட்டுல அவ்ளோ இடம் இல்ல.

அப்புறம் எடை. ஐநூறு கிலோ கூட இல்லாத வண்டில ஆளு உக்காந்தா ஹைட் நல்லாவே மாறும், ஆர்ம் சாய்வு மாறும், கேம்பரும் கூடவே மாறும். ஓட்டறது தம்பிதான், அதனால அவனையே சீட்டுல உக்கார வெச்சோம். தனியா வேலை பாக்கறவங்க ஒரு சிமெண்ட் மூட்டையும் மேல அரை மூட்டை மணலும் வெச்சா சரியா இருக்கும். காத்து ரெண்டு டயர்லயும் 20 பிஎஸ்ஐ, டேங்க் பாதி.

அளக்கறது

போனை நேரா டயர் மேல வெச்சா டயர் வயிறு தள்ளிக்கிட்டு இருக்கிறது இடிக்கும். அலுமினிய சதுரக் குழாய் ஒண்ணு எடுத்து, ஒரே நீளத்துல ரெண்டு போல்ட் மாட்டி, அந்த போல்ட் ரெண்டும் ரிம்மோட மேல் விளிம்புலயும் கீழ் விளிம்புலயும் படுற மாதிரி புடிச்சு, அந்தக் குழாய் மேல போன். கூடவே தூக்குக்குண்டு கட்டியும் பாத்தோம், இது எந்த சார்ஜும் கேக்காது. 12 இஞ்ச் ரிம்ல விளிம்புக்கு விளிம்பு 330 மி.மீ. வருது, ஒரு டிகிரிக்கு 5.8 மி.மீ. இடது வீல்ல நூலுக்கும் மேல் விளிம்புக்கும், நூலுக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள வித்தியாசம் 7 மி.மீ., அதாவது பிளஸ் 1.2. போனும் அதையே காட்டுச்சு. வலது 2 மி.மீ.-க்கு கொஞ்சம் கம்மி, பிளஸ் 0.3.

ஒண்ணு மறந்துடாதீங்க, எஸ்டேட் ரோட்டுல கல்லுல இடிச்சு இடிச்சு ஸ்டீல் ரிம் நெளிஞ்சிருக்கும். ஒரு தடவ அளந்துட்டு வீலை அரைச் சுத்து சுத்தி திரும்ப அளந்து ரெண்டுக்கும் நடுவுல வர்றதை எடுத்துக்கணும். மேல சொன்ன எண்கள் அப்படி எடுத்ததுதான்.

கேஸ்டரும் (சைடுல நின்னு பாத்தா சக்கரம் திரும்புற அச்சு முன்ன பின்ன சாஞ்சிருக்கிற அளவு) பாத்தோம், ஏன்னா இழுப்புக்கு அதுவும் காரணமா இருக்கலாம். ஜிஐ தகட்டு மேல ஸ்கூல் பாகைமானிய வெச்சு 20 டிகிரிக்குக் கோடு போட்டு, வீலை வெளிய 20 உள்ள 20 திருப்பி ரெண்டு இடத்துலயும் கேம்பரை அளந்து, வித்தியாசத்தை 1.5-ஆல பெருக்கினா கேஸ்டர் வந்துடும். ரெண்டு பக்கமும் நாலரை டிகிரி சுமாருக்கு வந்துச்சு. அதைத் தொடல.

எவ்ளோ மைனஸ்

தம்பிக்கு மைனஸ் ரெண்டரை வேணும், எங்கயோ ரேஸ் வண்டிக்குப் பாத்திருக்கான். நான் மைனஸ் ஒண்ணு போதும்னேன். கோயமுத்தூர் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேல தார் ரோட்டுல வேகமா சுத்தறவங்களுக்கு அந்த அளவெல்லாம் சரி, வண்டி நல்லா சாயும், வெளி வீலு கூடவே சாயும், அதை ஈடுகட்ட மைனஸ் வேணும். நம்ம வண்டி முதல் கியர் ரெண்டாவது கியர்ல கொண்டை ஊசி திரும்புது. அங்க ஸ்டியரிங் நிறைய திரும்பியிருக்கும்போது கேஸ்டரே வெளி வீலுக்கு மைனஸ் குடுத்துடும், நாலரை டிகிரி கேஸ்டர், 20 டிகிரி திருப்பம்னா ஒண்ணரை டிகிரி சுமாருக்கு. கிங்பின் சாய்வு (அதே அச்சு, முன்னாடி நின்னு பாத்தா உள்ள சாஞ்சிருக்கிறது) அதுல கொஞ்சத்தைத் தின்னுடும், இருந்தாலும் மிச்சம் இருக்கு. அதுக்கு மேல நிக்கும்போதே ரெண்டரை வெச்சா, கான்கிரீட் தடத்துல நேரா போகும்போது உள் ஓரம் தேயும், தடத்தோட விளிம்புல ஏறும்போது ஸ்டியரிங் கையைப் புடிச்சு இழுக்கும், பிரேக் போட்டா டயர் பாதிதான் தரையில இருக்கும். எறக்கத்துல பிரேக்தான முக்கியம்? கொஞ்சம் முறைச்சுக்கிட்டான், ஒத்துக்கிட்டான்.

திருகலும் தடங்கலும்

மேல் ஜாயின்டுக்கும் கீழ் ஜாயின்டுக்கும் நடுவுல 240 மி.மீ. அப்போ ஒரு டிகிரிக்கு மேல் ஆர்ம் 4.2 மி.மீ. குறையணும். எம் 12 மரை ஒரு சுத்துக்கு 1.75 மி.மீ., அதாவது ஒரு சுத்துக்கு 0.42 டிகிரி, அரைச் சுத்துக்கு 0.21. ராடு எண்டு கண்ணு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதால அரைச் சுத்தா திருகலாம், டைராட் எண்டு மாதிரி ஒரு பக்கம் காம்பு இருக்கிற ஜாயின்டுன்னா முழுச் சுத்துதான்.

வலது பக்கம் மூணு சுத்து, வேலை முடிஞ்சுது. இடது பக்கம் அஞ்சு சுத்து வேணும், ஆனா மூணுலயே செக் நட் (ராடு எண்டு தானா திருகாம புடிக்கிற நட்டு) ஆர்ம்ல போய் இடிச்சு நின்னுடுச்சு. இந்த இடத்துல தம்பி கிரைண்டரை எடுத்துட்டு வந்தான், ராடு எண்டு மரைய அறுத்துக் குறைச்சா இன்னும் உள்ள போகும்ல, செக் நட்டைக்கூட பாதியா சீவிடலாம்னு. போகும். ஆனா ஒரே ஜிக்ல (அளவு மாறாம புடிச்சுக்கிற அச்சுச் சட்டம்) செஞ்ச ரெண்டு ஆர்ம், ஒரே ராடு எண்டு, ஒரு பக்கம் மட்டும் ஏன் பத்தலன்னு பாக்காம அறுக்கறது எனக்கு மனசு ஒப்பல.

சேஸிஸ் நடுக்கோட்டுக்கு நூல் கட்டி, அங்கிருந்து மேல் ஆர்ம் பிராக்கெட் போல்ட் ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் அளந்தோம். இடது பக்கம் 4 மி.மீ. வெளிய இருக்கு, முன் பிராக்கெட் பின் பிராக்கெட் ரெண்டுமே. 4 மி.மீ.-ன்னா 0.95 டிகிரி, நாம பாத்த 0.9 வித்தியாசம் அப்படியே இங்க வந்து உக்காருது. கீழ் ஆர்ம் பிராக்கெட் ரெண்டு பக்கமும் சரியா இருந்துச்சு. நடந்தது இதுதான்: வலது பக்கத்தை டேக் (சின்னப் பொட்டு வெல்ட்) அடிச்சு ஆற விட்டு வெல்ட் பண்ணியிருக்கான், இடது பக்கம் கடைசி நாள் அவசரத்துல குழாய்க்கு வெளிப்பக்கம் ஒரே இழுப்புல முழுசா ஓட்டியிருக்கான், வெல்ட் ஆறும்போது குழாய வெளிய இழுத்துடுச்சு. வெல்டிங்ல இழுக்கும்னு எல்லாருக்கும் தெரியும், எவ்ளோ இழுத்துச்சுன்னு யாரும் அளக்கறதில்ல.

சூடு பண்ணி அடிச்சு வளைக்கலாம்னு பக்கத்துல நின்னவரு ஒருத்தர் சொன்னாரு, வேணாம்னுட்டோம், ஸ்டியரிங் கட்டி நிக்கிற இடம். ரெண்டு பிராக்கெட்டையும் கிரைண்டர்ல அறுத்து எடுத்து, குழாய்ல உக்காருற வாய்ப் பக்கத்தை இன்னும் 4 மி.மீ. குடைஞ்சு, ரெண்டு ஓட்டைக்கும் ஒரே நேரான ராடை விட்டு நடுக்கோட்டு நூலுக்கு அளவு பாத்து வெச்சு, இந்தப் பக்கம் ஒரு டேக் அந்தப் பக்கம் ஒரு டேக்னு மாத்தி மாத்தி வெச்சு, ஆறினப்புறம் திரும்ப அளந்துட்டுத்தான் முழு வெல்ட். இடது பக்க ராடு எண்டைப் பழைய இடத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து வெச்சுப் பாத்தா பிளஸ் 0.2. அதுலேர்ந்து மூணு சுத்து, மைனஸ் 1.0. வலது மைனஸ் 0.9. இதுக்கு மேல அரைச் சுத்துல துரத்திக்கிட்டு இருக்க வேண்டியதில்ல.

ஆர்மை நீட்ட வேண்டி வந்தா மட்டும் ஒரு எச்சரிக்கை: எம் 12-க்கு 18 மி.மீ.-ஆவது மரை உள்ள இருக்கணும். வெளிய இழுத்துக்கிட்டே போயிட்டு நாலு மரையில தொங்குற ராடு எண்டு பாத்திருக்கேன், பயமா இருக்கும்.

டோ

கேம்பர் முடிஞ்சுதுன்னு வண்டிய வெளிய எடுத்தா இன்னும் மோசமாத்தான் ஓடும். மேல் ஆர்ம் குறையும்போது நக்கிள் உள்ள சாயுது, டைராட் நீளம் மாறல, அது நக்கிளோட பின்பக்கத்தை உள்ள வர விடாம தள்ளிப் புடிக்குது, அதனால வீலோட முன்பக்கம் உள்ள திரும்பிடும். இந்த வண்டில டைராட் கீழ் ஜாயின்டை விட 80 மி.மீ. மேல இருக்கு. ரிம் விளிம்புல வெச்சு அளந்தா, கேம்பருக்கு முன்னாடி டோ உள்பக்கம் 2 மி.மீ., கேம்பருக்கு அப்புறம் 12 மி.மீ.! இந்த லட்சணத்துல ஓட்டினா புது டயர் வெளி ஓரமும் போயிடும், கேம்பர் மைனஸ் வெச்சும் வெளி ஓரம் தேயுதேன்னு திரும்ப ராடு எண்டைத் திருக ஆரம்பிப்பாங்க.

ஸ்டியரிங்கை நடுவுல கட்டிப்போட்டு, ரெண்டு டைராடையும் சமமா திருகி 2 மி.மீ.-க்கே கொண்டுவந்தோம். அளக்க ரெண்டு ரீப்பர் கட்டையை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு நீட்டிக் குறைச்சுப் பாத்தோம், டேப்பு நடுவுல தொங்கும். மொதல்ல பாத்த ரம்பப் பல்லு எதனாலன்னு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்துச்சு, அதனால ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு ஜாக்கில வீலை மேல கீழ ஓட்டி டோ எவ்ளோ மாறுதுன்னு பாத்தோம், 50 மி.மீ. ஏத்தினா 3 மி.மீ. மாறுச்சு, மேல போகப் போக வெளிய திரும்புது. ஸ்டியரிங் ராக்குக்கு (ரெண்டு டைராடையும் இடது வலது தள்ளுற பாகம்) அடியில தகடு வெச்சு ஏத்தினதும் பாதிக்கு மேல குறைஞ்சுது. முழுசா போகணும்னா ராக்கை மாத்தணும், அது அடுத்த செலவு.

செக் நட் எல்லாத்தையும் முறுக்கி, நட்டுக்கும் ஆர்முக்கும் குறுக்கால அவங்க அக்காவோட செவப்பு நெயில் பாலிஷால ஒரு கோடு போட்டாச்சு. நட்டு அசைஞ்சா கோடு ஒடையும், தூரத்துலேர்ந்தே தெரியும். ராடு எண்டுக்கு ரப்பர் மூடி போட்டோம், எங்க ஊரு மஞ்சுல மூடி இல்லாத ராடு எண்டு ஒரு மழைக்காலம் தாங்காது, துரு ஏறி கிறீச்னு கத்த ஆரம்பிச்சுடும்.

ஓட்டிப் பாத்தது

டயர் அகலத்துக்கு சாக்பீஸ்ல கோடு போட்டு எஸ்டேட் ரோட்டுல ஒரு ரவுண்டு விட்டா, கோடு எங்க அழியுதோ அங்கதான் டயர் வேலை செய்யுது. இடது வலது ரெண்டுலயும் முழு அகலத்துக்கும் அழிஞ்சுது, உள் ஓரம் கொஞ்சம் முன்னாடி அழிஞ்சுது, மைனஸ் ஒண்ணுக்கு அப்படித்தான் இருக்கும். நேர் தடத்துல கைய விட்டா நேரா போகுது. ஃபேக்டரி முன்னாடி ரோடே இடது பக்கம் வாட்டமா இருக்கு, அங்க மட்டும் லேசா எறங்குது, அது வண்டி குத்தம் இல்ல.

கொண்டை ஊசி எறக்கத்துல மூக்கு முன்னைக்கு இப்போ நல்லா திரும்புது, ஆனா முழுசா தீரல. இலை எடை போடுற தராசுல முன்வீல் ஒவ்வொண்ணா ஏத்திப் பாத்தோம், மத்த மூணு வீலுக்கும் அதே உயரத்துக்குக் கட்டை வெச்சு. முன்பக்கம் மொத்த எடைல நாப்பது சதவீதம் கூட இல்ல. இன்ஜின் பின்னாடி இருக்கிற வண்டில கேம்பரை வெச்சு இதுக்கு மேல எதுவும் சாதிக்க முடியாது. பேட்டரிய பின்னாலேர்ந்து மூக்குக்கு மாத்தச் சொல்லியிருக்கேன், கேபிள் நீளம் பத்தாதுன்னு வாங்கப் போயிருக்கான்.

மழைக்கு அப்புறம் திரும்ப அளந்தப்போ இடது மைனஸ் 0.9, வலது மைனஸ் 0.9, நெயில் பாலிஷ் கோடு எதுவும் ஒடையல, ஹப்புல ஆட்டம் இல்ல. பழைய இடது டயரை ஸ்டெப்னியா வெச்சுக்கலாம்னு கேட்டான். வெளி ஓரத்துல நூல் தெரியுது, வேணாம்னு சொல்லி வாசல்ல செடி வெக்கக் குடுத்தாச்சு.